அச்சன் போனில் பேசுவதை நம்பாதே

பிரியமுள்ள மகள் ஷிம்னாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் ரனீஷும் குட்டனும் அந்த அயர்லாந்துக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்கவேண்டும் என்று அம்பலத்துக்குப் போகும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை மோளே. மழை பிடித்துக்கொண்டது, கிணறு நிறைந்துவிட்டது, தெற்குப் பக்கத்து முருங்கை சாய்ந்து மதில் மேல் கிடக்கிறது, வெட்ட ஆள் கிடைக்கவில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். சொல்ல முடியாத ஒன்று இருப்பதால்தான் கடிதம், போன் உன் அச்சனுடைய நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அவர் காதுபட எப்படிச் சொல்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ என்னிடம் என்ன சொன்னாய், "அச்சன் எவ்வளவு தெளிவாப் பேசுறார், நீதான்மா சும்மா பயந்து ஊரக் கூட்டுறே. தினம் இந்த மாதிரி ஆளுங்களப் பாத்துக்கிட்டிருக்கிற நர்ஸு நான், எனக்குத் தெரியாதா" என்றாய், அடுத்த வருஷம் ஓணத்துக்கு வருகிறேன் என்று வைத்துவிட்டாய். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. நீ பார்க்கிற நோயாளிகளில் ஒருவராவது வாழ்நாள் முழுக்க வேஷம் கட்டியவரா?

அச்சன் ஒரு வேஷத்துக்கு எப்படித் தயாராவார் என்பது உனக்குத் தெரியாததல்ல. நொண்டி வேஷம் வந்தபோது மாதக்கணக்கில் மீன் மார்க்கெட்டுக்கு நொண்டிக்கொண்டே போனார், மீன்காரன் கோயா பாவப்பட்டு நல்ல மத்தியாகப் பொறுக்கிப் போட்டான், படம் முடிந்து இவர் நேராக நடந்து போனதும் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். செவிடன் வேஷத்தின்போது நான் கூப்பிட்டால் திரும்பவே மாட்டார், கரண்டியை எறிந்தேன், அதற்கும் திரும்பவில்லை. வக்கீல், திருடன், மௌலவி, கள்ளுக்கடைக்காரர் என்று யார் யாரோடெல்லாமோ நான் இந்த வீட்டில் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். படத்தில் இரண்டே காட்சி வந்தாலும் ஊரில் அதுதான் பேச்சாக இருக்கும், போஸ்டரில் மட்டும் முகம் வராது. அதனால்தான் நினைவு தப்பிய போஸ்ட்மாஸ்டர் வேஷம் வந்தபோது நமக்கு யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. குழாயைத் திறந்துவிட்டுப் போனார், செத்துப்போன அவர் அக்காள் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார், சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார், நான் சிரித்தேன். "போதும் ஏட்டா, சோறு திங்கும்போதாவது நீங்களா இருங்க" என்றேன். டைரக்டர் வசனத்தில் இல்லாததையெல்லாம் இவர் பேசப் பேச மெய்மறந்து போய் செட்டில் எல்லோரையும் கைதட்டச் சொன்னாராம். திருச்சூரில் விருது கொடுத்தபோது கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் காதில் "சௌமினி, இது எதுக்கு" என்று கேட்டார், கேலி செய்கிறார் என்று நினைத்தேன். ஷூட்டிங் முடிந்து, படம் வந்து, தியேட்டரை விட்டும் போயாயிற்று, வேஷம் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. வியாதிக்கு விருது வாங்கின மனுஷன் இந்த உலகத்தில் வேறு யாராவது இருப்பார்களா சொல்லு.

பிறகு உத்சவ நாடகத்தில் பூசாரியாக நின்றுகொண்டு பழைய நாடகத்துத் திருடனின் வசனத்தைப் பேசினார். சனம் சிரித்தது, இவர் சந்தோஷப்பட்டு இன்னும் பேசினார். நாடகக் குழு நடத்தும் பவித்ரன் திரையை இறக்கி, கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும் சேச்சி என்று சொல்லிப் போனான். அதோடு சரி, யாரும் கூப்பிடவில்லை. இவர் தினமும் காலையில் சவரம் செய்து குளித்துவிட்டு நாடக வண்டி வரும் என்று உட்கார்ந்திருக்கிறார். டாக்டரிடம் கூட்டிப் போனேன், அவர் என்ன கிழமை என்று கேட்டதற்கு, "நாடகக்காரனுக்கு ஏது டாக்டரே கிழமை, இன்னைக்கு நாடகம் உண்டா இல்லையா, அவ்வளவுதான்" என்று சொல்லி அவரையும் சிரிக்க வைத்துவிட்டார். ஸ்கேன் வந்தபிறகுதான் டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். போனது திரும்பாது, இருப்பதும் குறைந்துகொண்டேதான் போகும் என்றார்.

டாக்டரிடம் முதலில் செய்ததைத்தான் போனில் உன்னிடமும் செய்கிறார் மோளே. எதிரில் நிற்பவர் பேசுவதை ஒழுங்காகக் கேட்டால் நம் பதில் தானாக வரும் என்று புது நடிகர்களுக்குச் சொல்வாரே, அந்த வித்தை மட்டும் மிச்சம் இருக்கிறது. குட்டனுக்குப் பல் விழுந்தது என்றாய், அய்யோ இனி அவன் முறுக்கு எப்படிக் கடிப்பான் என்றார், நீ சிரித்தாய். குளிர் என்றாய், கம்பளி போட்டுக்கோ என்றார். உன் பேரை ஒரு தடவையாவது சொன்னாரா, யோசித்துப் பார். நீ வைத்தபிறகு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, மேடையை விட்டு இறங்கினவர்போல் களைத்து உட்கார்ந்தார். அப்புறம் என்னிடம் கேட்டார், "அந்தப் பொண்ணு நல்லாப் பண்ணுது. எனக்கு மகளா வர்றது அதுதானா? நேர்ல ரிகர்சல் எப்போ?"

சீக்கிரம் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன். யாரிடம் போய்ச் சொல்வேன், தெருவில் எல்லோரும் இன்னும் அவர் ஏதோ புது வேஷம் பழகுகிறார் என்றுதான் சிரித்துக்கொண்டு போகிறார்கள். ஓணம் வரைக்கும் தள்ளாதே. லீவு தரவில்லையென்றால் சண்டை போட்டு வாங்கு, ரனீஷிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல். பகவதி உங்கள் மூன்று பேரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்துக் காப்பாற்றட்டும், குட்டனுக்கு என் முத்தம். இந்தக் கடிதம் கிடைத்ததைப் போனில் சொல்லாதே, ஞாயிற்றுக்கிழமை பேசுவதை நிறுத்தவும் செய்யாதே. பேசும்போது அழுதுவிடாதே. நீ அழுதால் அவரும் அழுவார், பிறகு எதற்கு அழுதோம் என்று தெரியாமல் பொழுது சாயும்வரை தவிப்பார்.

வந்தால் உன்னை அடையாளம் தெரியுமா என்று கேட்பாய். தெரியாது. ஆனால் வாசலிலேயே உன்னைக் கட்டிப்பிடித்து உச்சி முகர்வார், பார்க்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்படி அவ்வளவு நன்றாகச் செய்வார். இப்போது நடிக்கவாவது தெரிகிறது மோளே. அதுவும் போவதற்குள் வா.

உன் அம்மா
சௌமினி
கோழிக்கோடு