தகரம் மூடிய தொட்டி

கார்த்திகை, செவ்வாய் இரவு.

வகுப்பில் காட்டவென்று வழுக்கையாற்றில் பிடித்த தவளைக் குஞ்சுகளை, பெரிசும் சின்னனுமான இருவகை வாற்பேய்களையும், பாதி பாதியாக இரண்டு தொட்டிகளில் விட்டிருந்தேன். வெயில் படாமல் ஒன்றைத் தென்னோலைக் கிடுகால் மூடினேன். மிச்சக் கிடுகை அண்ணை வேலி அடைக்க எடுத்துவிட்டதால் மற்றதற்குத் தகரம் போட்டேன். அது என் மடத்தனம்.

இன்று தகரத்தைத் தூக்கினால் தண்ணீர் சுடுகிறது. பெரிய வகை கொழுத்துக் கிடக்கிறது. சின்ன வகையில் ஒன்றுகூட இல்லை. கிடுகுத் தொட்டியில் இரண்டும் சுகமாக நீந்துகின்றன.

அண்ணை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பெரிசு சின்னனைத் தின்னும்தானே. உதுக்கேன் பயப்பிடுறாய்?"

"கிடுகுக்குக் கீழை தின்னேல்லையே, அண்ணை."

பின்னேரம் ஆற்றில் கால் வைத்துப் பார்த்தேன். மழை பெய்யவேண்டிய கார்த்திகையிலும் தகரத் தொட்டியின் அதே சூடு. காலை இழுத்துக்கொண்டேன். ஆற்றை எந்தக் கிடுகால் மூடுவது?

இப்போது ஆற்றுப்பக்கம் ஒரே இரைச்சல். அடுத்த அறையிலிருந்து அண்ணை கத்துகிறார்: "கேட்டியே, எவ்வளவு தவளை! நீ சும்மா பயந்து சாகிறாய்."

கேட்கிறேன். யன்னலைத் திறந்துவைத்து இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அத்தனையும் பெரிய வகையின் குரல்.