நிறுத்தப்பட்ட மருந்தும் வெட்டப்பட்ட சிரிப்பும்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை
(பெயரும் முகவரியும் மூடிய உறையில் தனியே இணைக்கப்பட்டுள்ளன. காரணம் பத்தி 6-இல்.)

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
இணையவழி மருத்துவச் சேவைகள் ஒழுங்குமுறை ஆணையம்.

நகல்:
ஒளிபரப்புப் புகார்கள் குழு.

பொருள்: திருநர்களுக்கான தனியார் இணைய மருத்துவமனை ஒன்று மருந்துச்சீட்டு வழங்குவதை நிறுத்திவைத்த இடைக்கால ஆணை. ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மருந்து தடைபடாதிருக்கவும், இது தொடர்பான தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நேர்ந்த பிழையைத் திருத்தவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நான் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வுபெற்றவள். எனக்குப் புகார் எழுதிப் பழக்கமில்லை. பெற்றோர்களிடமிருந்து வாங்கித்தான் பழக்கம். கோபத்தில் எழுதிய புகாரை யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை என்பது அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டது. தாங்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும் என்பதால் நிதானமாக எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளவும்.

2. இம்மனு என் தம்பியைப் பற்றியது. வயது ஐம்பத்தொன்று. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறான். எங்கள் ஊரில் கார் ஓட்டுபவர்களில் பாதிப் பேர் அவனிடம் திட்டு வாங்கியவர்கள். "கிளட்ச்ச விடு, மெதுவா விடு, அது என்ன உன் எதிரியா?" என்று நாள் முழுக்கக் கத்துவதால் கிளட்ச் மாஸ்டர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பிறந்தபோது பெண் என்று பதிவு செய்யப்பட்டவன், திருநம்பி. சிறு வயதில் நாங்கள் இருவரும் ஒரே அறையில், ஒரே அலமாரியில், மேல்தட்டு எனக்கு, கீழ்த்தட்டு அவனுக்கு என்று வளர்ந்தோம். ஒருமுறை பள்ளி நாடகத்தில் அவனுக்கு அரசன் வேடம் கிடைத்தது. நாடகம் முடிந்தும் ஒட்டுமீசையைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்து, மீசையோடு சாப்பிட்டு, மீசையோடு தூங்கினான். காலையில் அது தலையணையில் ஒட்டிக் கிடந்தது. அம்மா அதைத் தூக்கி எறியவில்லை. தையல் பெட்டிக்குள் போட்டு வைத்தார். ஏன் என்று அப்போது நான் கேட்கவில்லை. இப்போது கேட்க அம்மா இல்லை. மீசை இன்னும் இருக்கிறது.

3. இணைய மருத்துவமனைக்கு நாங்கள் ஆசைப்பட்டுப் போகவில்லை. அரசு மருத்துவமனையில் திருநர்களுக்கான சிறப்புப் பிரிவு வேறு நகரத்தில் இருக்கிறது. அங்கே பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்த காலத்தில், தம்பி உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ கொடுத்த ஆண் ஹார்மோன் மருந்தைத் தனக்குத் தானே ஊசி போட்டுக்கொண்டான். குப்பியில் பெயர்கூட ஒட்டியிருக்கவில்லை. ஊசி போட்ட இடத்தில் சீழ் கட்டி, காய்ச்சல் வந்து, படுத்த படுக்கையானான். அதற்குப் பிறகே இணைய மருத்துவமனையில் சேர்ந்தோம்.

அதன்பின் வந்த நான்கு ஆண்டுகளை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை காலை, காணொளி வழியே மருத்துவர் பார்ப்பார். சாப்பாட்டு மேசையில் சர்க்கரை டப்பாவின் மேல் டேப்லெட்டைச் சாய்த்து வைப்போம். தம்பி மேலே இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையும், கீழே பழைய அரைக்கால் சட்டையுமாக உட்காருவான். மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. அவருக்குப் பின்னால் ஒரு பூனையின் வால் மட்டும் அடிக்கடி குறுக்கே போகும். அந்தப் பூனையின் முகத்தை நாங்கள் கடைசிவரை பார்க்கவில்லை.

அம்மா கேமராவில் படாத இடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். "நல்லா தூங்கறேன் டாக்டர்" என்று தம்பி சொன்ன மறுகணம், "பொய். பாதி ராத்திரி வரைக்கும் போன நோண்டறான்" என்று குரல் வரும். இரண்டு முறை பொறுத்த மருத்துவர் மூன்றாம் முறை, "அம்மாவ முன்னாடி கூப்பிடுங்க. நெஜமான ரிப்போர்ட்டு அங்கதான் இருக்கு" என்றார். அன்று முதல் அம்மாவுக்கும் ஒரு நாற்காலி போட்டோம். அம்மா அதற்காகத் தலைவாரிப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து உட்காருவார்.

ஒரு சனிக்கிழமை அம்மா தாமாகவே கேட்டார்: "எம் பையனுக்குக் கோபம் ஜாஸ்தியா வருது. மருந்தாலயா டாக்டர்?"

"முன்னாடி வராதாம்மா?"

"பொறந்ததுலேர்ந்தே வரும்."

"அப்ப மருந்து மேல பழி போடாதீங்க."

மருத்துவர் சிரித்தார், நானும் சிரித்தேன். தம்பி மட்டும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அம்மா "எம் பையன்" என்று வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் முறை. இணைய மருத்துவமனை என்றால் ஏதோ பொத்தானை அழுத்தினால் மருந்து விழும் இயந்திரம் என்று ஆணையத்தில் யாரேனும் எண்ணினால், எங்கள் சாப்பாட்டு மேசையில் நடந்தது இதுதான் என்று பணிவுடன் தெரிவிக்கிறேன்.

4. அடுத்து, தொலைக்காட்சியில் பெரிதாகக் காட்டப்பட்ட சிவப்பு அம்புக்குறியைப் பற்றி விளக்க வேண்டும்.

ஒவ்வொரு சந்திப்புக்கு முன்பும் தம்பி உள்ளூர் ஆய்வகத்தில் இரத்தம் கொடுப்பான். அங்குள்ள கணினியில் பெண் என்ற அவனுடைய பழைய பதிவே இருக்கிறது. ஆகவே அவன் இரத்த அளவுகளைப் பெண்களுக்கான அளவுகோலோடு ஒப்பிட்டு அச்சிடும். ஹீமோகுளோபின் 16.1. பெண்களுக்கு இது அதிகம்; பக்கத்தில் மேல்நோக்கி ஒரு சிவப்பு அம்பு விழும். ஆனால் ஆண்களுக்கான மருந்தை எடுத்துக்கொள்ளும் தம்பியை ஆண்களுக்கான அளவுகோலில்தான் பார்க்க வேண்டும். அதில் இது சாதாரண அளவு.

எளிய உதாரணம் சொல்கிறேன். தேர்வில் 'அ' வரிசை, 'ஆ' வரிசை என்று இருவகை வினாத்தாள் கொடுப்போம். 'அ' வரிசை எழுதிய பிள்ளையின் தாளை 'ஆ' வரிசை விடைக்குறிப்பை வைத்துத் திருத்தினால், வகுப்பில் முதலாவது வரும் பிள்ளையும் தோற்றுப்போகும். பிழை பிள்ளையிடம் இல்லை.

இதை மாற்றித் தரும்படி ஆய்வகத்தில் கேட்டோம். "சாப்ட்வேர்ல அந்த ஆப்ஷன் இல்ல சார்" என்றார்கள். மருத்துவர் ஒவ்வொரு முறையும் சரியான அளவுகோலோடு தாமே ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒருமுறை அந்த அளவுகோலிலும் இரத்தத்தின் அடர்த்தி சற்றுக் கூடியிருந்தது. உடனே மருந்தைக் குறைத்தார். தம்பி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அவர் அசையவில்லை.

நாளடைவில் அந்தச் சிவப்பு அம்பு எங்கள் வீட்டு வேடிக்கையாகிவிட்டது. அறிக்கை வந்ததும் தம்பி அதை ஆட்டிக் காட்டுவான்: "பாத்தீங்களா, ஒடம்புல ரத்தம் ஜாஸ்தி! வேணுங்கறவங்க பாட்டில் எடுத்துட்டு வாங்க!" பிறகு தானே அதற்கு ஒரு வெடிச்சிரிப்புச் சிரிப்பான். அம்மா, "மூள கொஞ்சம் ஜாஸ்தி இருக்கான்னு பாருடா" என்பார்.

5. சில மாதங்களுக்கு முன் ஓர் இளம்பெண் தம்பியிடம் கார் ஓட்டக் கற்க வந்தார். நன்றாகப் பழகினார். தம்பியும் தன் கதையை ஒளிக்கும் ஆள் இல்லை. ஒருநாள் பாடம் முடிந்ததும் வண்டியில் கிடந்த அறிக்கையை எடுத்து, மேற்சொன்ன வேடிக்கையை அவரிடமும் செய்து காட்டினான். அவர் ஒரு செய்தித் தொலைக்காட்சியின் நிருபர் என்பதும், அவர் பையில் கேமரா இருந்தது என்பதும் நிகழ்ச்சியைப் பார்த்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

எங்கள் இணைய மருத்துவமனையைப் பற்றிய அந்த நிகழ்ச்சியில் அம்புக்குறி திரை முழுவதும் வந்தது. பின்னணியில் இடி போன்ற இசை. கீழே "ஆபத்தான அளவு" என்ற எழுத்துகள். "ரத்தம் ஜாஸ்தி" என்று தம்பி சொல்வது கேட்டது. அடுத்து வரவேண்டிய சிரிப்பு வரவில்லை, வெட்டிவிட்டார்கள். சிரிப்பை எடுத்துவிட்டால் அந்த வாக்கியம் ஒரு நோயாளியின் புலம்பலாகிவிடுகிறது. அந்தச் சிரிப்பு எங்கே தொடங்கும் என்று தெரிந்த நான் சோபாவில் உட்கார்ந்து அதற்காகக் காத்திருந்தேன்.

நிகழ்ச்சி முழுவதும் பொய் என்று நான் சொல்லவில்லை. அதே மருத்துவமனையில் வேறொருவர் கேள்வித்தாளை மட்டும் நிரப்பி, மருத்துவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் மருந்துச்சீட்டு வாங்கியதைக் காட்டினார்கள். அது தவறு. அதை வெளிக்கொணர்ந்ததற்கு நிருபருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர்மீது தம்பிக்கும் வருத்தமில்லை. "அந்தப் பொண்ணப் பத்தி ரொம்ப எழுதாத டீச்சர். ரிவர்ஸ் பிரமாதமா எடுப்பா" என்றுதான் சொல்கிறான்.

6. தம்பியின் முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். ஆனால் இடது கதவு நசுங்கிய மஞ்சள் கார் தெளிவாகத் தெரிந்தது. குரலையும் மாற்றவில்லை. அந்தக் குரலிடம் திட்டு வாங்கிய ஊர் இது, முகம் எதற்கு? மறுநாள் முதல், கற்றுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வராமல் நின்றுவிட்டார்கள். ஒரு பெண்ணின் தந்தை மிகவும் மரியாதையாகவே பேசினார்: "உங்க ஒடம்பு மொதல்ல சரியாகட்டும் சார், அப்பறமா பாப்பாவ அனுப்பறேன்." தம்பி, "என் ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்வதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது. அவன் பெயர் ஆணையத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட வேண்டாம் என்பதாலேயே எங்கள் பெயர்களை உறையில் வைத்திருக்கிறேன்.

7. அந்த வாரமே ஆணையத்தின் இடைக்கால ஆணை வந்தது. கேள்வித்தாளில் மருந்து வாங்கியவருக்கும், நான்கு ஆண்டுகள் முகம் காட்டி இரத்தம் கொடுத்தவருக்கும் ஒரே ஆணை. இப்போது மருத்துவமனையின் செயலியைத் திறந்தால் சேவை நிறுத்தப்பட்டுள்ளது என்ற ஒரு வரி மட்டும் வருகிறது.

தம்பிக்கு முன்பொரு சமயம் கட்டிகள் வந்ததால் சினைப்பைகள் இரண்டும் அகற்றப்பட்டன. ஆகவே அவன் உடல் தனக்குத் தேவையான ஹார்மோனைத் தானாகப் போதிய அளவு சுரக்காது. மருந்து நின்றால் முதலில் சோர்வு, பிறகு எலும்புத் தேய்மானம். எங்கள் அம்மா கடைசிவரை தைராய்டு மாத்திரை சாப்பிட்டார். மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவமனையில் கணக்கு வழக்கு சரியில்லை என்றால், விசாரணை முடியும்வரை மாத்திரையை நிறுத்துங்கள் என்று யாரும் அம்மாவிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வேறு வழி தேடாமல் இல்லை. எங்கள் தெரு மருத்துவர் நல்லவர். "எனக்கு இதுல அனுபவம் இல்லம்மா. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா என் மூஞ்சியும் டிவியில வரும்" என்றார். மருந்துக்கடைக்காரர், "சீட்டு இருந்தா இப்பவே தரேன்க்கா, இல்லாம எப்படிக் குடுக்கறது?" என்றார். அவர் சொன்னதும் சரிதான். அரசு சிறப்புப் பிரிவிலிருந்து அடுத்த ஆண்டு வரச்சொல்லிப் பதில் வந்திருக்கிறது. உடற்பயிற்சிக் கூடம் மட்டும் காத்திருக்கச் சொல்லாது. தம்பி அங்கே போகவில்லை. ஆனால் போன வாரம் சாப்பிடும்போது அந்தக் குப்பிக்காரனின் பேச்சை எடுத்தான். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

8. ஆகவே தங்களிடம் வேண்டுவது: ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்களை அவர்களின் மருத்துவரே, ஆணையத்தின் மேற்பார்வையில், வேறோர் இடம் கிடைக்கும்வரை தொடர்ந்து பார்க்க அனுமதி தர வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு, பதிவுபெற்ற மருத்துவர் நேரில் அல்லது காணொளியில் பார்க்காமலும், இரத்தப் பரிசோதனை இல்லாமலும் சீட்டு தரக்கூடாது என்று விதி செய்ய வேண்டும். இது கடுமையாக இருந்தால் நல்லது. மருத்துவர் குறிப்பிடும் அளவுகோலின்படி அறிக்கை அச்சிடுமாறு ஆய்வகங்களுக்கும் அறிவுறுத்த வேண்டும். ஒளிபரப்புக் குழு, வெட்டப்படாத பதிவை வரவழைத்துப் பார்த்து, அம்புக்குறியைப் பற்றிய திருத்தத்தை அதே நேரத்தில், அதே நீளத்தில் ஒளிபரப்பச் செய்ய வேண்டும். இசை வேண்டாம்.

9. இம்மனுவைத் தம்பி முழுவதும் படித்தான். அவன் சம்மதத்தோடுதான் அனுப்புகிறேன். மருத்துவமனையை மூடவே கூடாது என்று முதலில் எழுதியிருந்தேன். அதை அவன் பென்சிலால் அடித்துவிட்டான். "சோதிச்சுப் பாத்துத் தப்புன்னா மூடட்டும். ஆனா வண்டியில இருக்கறவங்கள ஓரமா எறக்கி விட்டுட்டு மூடச் சொல்லு" என்றான். மீசைக் கதையை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். அது இருக்கட்டும் என்றான்.

10. ஒன்று மட்டும் அவனிடம் காட்டாமல் இந்தப் பத்தியில் சேர்க்கிறேன். அவனுடைய மருந்து, அழுத்தினால் வெளிவரும் ஜெல். என் அறைக்கும் அவன் அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். காலையில் எழுந்ததும் அவன் அந்தப் புட்டியை இரண்டு முறை அழுத்தும் சத்தம் கேட்கும்: டொக், டொக். அம்மா இருந்தவரை அதுதான் எங்கள் வீட்டின் கடிகாரம். "எழுந்துட்டான், டீ போடு" என்பார். ஆணை வந்த நாளிலிருந்து, இருப்பதை இழுத்துப் பிடிக்க, ஒரு முறை மட்டும் அழுத்துகிறான். இரண்டாவது சத்தத்துக்காகக் காத்திருந்துவிட்டு, டீயைத் தாமதமாகப் போடுகிறேன்.

தாங்கள் ஆணையைத் திருத்தினால் எங்களுக்குத் தனியே கடிதம் அனுப்பக்கூட வேண்டாம். சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே எனக்குத் தெரிந்துவிடும்.

தங்கள் நல்ல முடிவுக்காகக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
தம்பியின் அக்கா

நாள்: மார்ச் 9
இடம்: உறையில் உள்ளபடி

இணைப்பு: இரத்தப் பரிசோதனை அறிக்கைகள், இரு அளவுகோல்களோடும் ஒப்பிட்டு நான் எழுதிய குறிப்புடன்; அரசு சிறப்புப் பிரிவின் பதில்; மூடிய உறை.