கதைக்கு இன்னொரு முடிவு

நானுஓயா, 12.7.1955

அன்பும் மரியாதையும் நிறைந்த அப்பாவுக்கு, மகள் யோகேஸ்வரியின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? தேயிலைத் தோட்டப் பள்ளியில் நான் சுகமாகப் படிப்பித்து வருகிறேன்.

என் கதையைப் பத்திரிகை ஆசிரியர், "நம்பும்படி இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார். பிரஜாவுரிமை கேட்டுப் போன தோட்டத் தொழிலாளி ஒருவரிடம், அவர் பிறந்ததற்கே சாட்சி கேட்டு அதிகாரிகள் அலைக்கழிக்கும் கதை. கடைசியில் அவர் மனமுடைந்து அந்த அரசாங்கக் கந்தோர் வாசலில் உட்கார்ந்துவிடுவார்.

அதைக் கொழுந்து பறிக்கும் ராக்காயி அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"எங்க வீட்டுக்காரருக்கும் இதேதாங்க நடந்துச்சு. ஆனா அவரு உக்காரலீங்க. மறுநாளும் போனாரு. இன்னமும் பாட்டுப் பாடிக்கிட்டே போறாரு" என்றார்.

முடிவை அப்படியே மாற்றி, அதே ஆசிரியருக்கு அனுப்பிவிட்டேன். திரும்பி வந்தால் மறுபடியும் அனுப்புவேன்.

என் கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். தபால் போகும் நேரமாகிவிட்டது. பதிலை இரண்டு பக்கமும் எழுதுங்கள் அப்பா, ஒரு பக்கம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

யோகேஸ்வரி