திரிந்த பால் சூப்

லாயாங் லாயாங், வெள்ளிக்கிழமை

என் மகனுக்கு,

நானும் குழந்தையும் நலம். உன் பெண்டாட்டிக்குப் பிரசவக் காய்ச்சல் இன்னும் விடவில்லை. ஆறு நாளாகக் கஞ்சியைக்கூடத் தொடவில்லை.

பக்கத்துக் கடைக்காரரின் மனைவி, அந்தப் பாரசீகத்து அம்மா, ஒரு சூப் சொல்லிக்கொடுத்தார். பார்லி, காரட், வெங்காயம் மூன்றையும் குழைய வேகவைத்துக் கடைந்து, பால் ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். எலுமிச்சையைக் கிண்ணத்தில்தான் பிழிய வேண்டுமாம். எனக்கா சமையல் தெரியாது? கொதிக்கிற சட்டியிலேயே பிழிந்தேன். பால் திரிந்துவிட்டது.

நோயாளி கிடக்கிற வீட்டில் பால் திரியலாமா? கொட்டப் போனேன்.

"என்ன அத்தை, பால திரிச்சிட்டீங்களா? உங்க கைப்பக்குவம் எங்க போச்சு?" என்று படுத்தபடியே சிரித்தாள். "கொட்டாதீங்க. புளிப்பு வாசம் நல்லாருக்கு, கொஞ்சம் குடுங்க."

நான்கு கரண்டி குடித்தாள். எனக்கு உயிர் வந்தது. வாயைத் துடைத்துவிட்டபோது என் முகத்தையே பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டாள்.

காய்ச்சல் மயக்கம்தான், வேறொன்றுமில்லை.

இனித் திரியவிடமாட்டேன். இங்கே காரட் தீர்ந்துவிட்டது. நீ வேலை செய்கிற பத்து பாகாட் ஊர்ச் சந்தையில் கொஞ்சம் வாங்கு. யாரிடமும் கொடுத்தனுப்பாதே. முதலாளி திட்டினால் திட்டட்டும், நீயே கொண்டு வா.

வாசலைப் பார்த்தபடி,
உன் அம்மா