உங்கள் மகன் என்னிடம் கேட்டது

அண்ணை,

காத்தோட்டிக்காய் பொரித்த மணம் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. இன்று ஆடி அமாவாசை, தகப்பனை இழந்தவர்கள் விரதம் பிடிக்கிற நாள். எங்கள் ஐயாவுக்கு ஓர் இலை போட்டேன். உங்களுக்கென்று இன்னோர் இலையைக் கழுவி வைத்தேன், திரும்ப எடுத்தேன், பிறகும் வைத்தேன். அதில் படைக்கவேண்டியவன் உங்கள் மகன் அகிலன். தங்கச்சியைக் கொன்ற தகப்பனுக்கு விரதம் பிடி என்று ஒரு பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது?

நீங்கள் எங்கள் தர்சியைக் கொன்று உங்களையும் முடித்துக்கொண்டு ஒரு வருடம் கழிந்துவிட்டது. அவளுக்கு ஒன்பது வயது. பண்டத்தரிப்புச் சந்தையில் என்னைக் கண்டால் பெண்கள் இப்பவும் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்கள்: "பாவம் அந்த மனுசன். அன்பு கூடிப்போச்சு. பிள்ளையைத் தனிய விட மனம் வரேல்லை." முதலில் நானும் அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டு கிடந்தேன். இப்போது அதைக் கேட்டால் பத்திக்கொண்டு வருகிறது.

அண்ணி செத்துப்போன பிறகு அவளுக்குத் தலை இழுத்து, பின்னி, மீனில் முள் எடுத்து, ஒவ்வொரு வாயாகத் தீத்தினவர் நீங்கள். "தாயும் அவர்தான், தேப்பனும் அவர்தான்" என்று ஊரே சொன்னது. நானும் பெருமைப்பட்டேன். "நான் தீத்தாட்டி அவள் ஒரு வாய் தின்னமாட்டாள்" என்று நீங்கள் சொல்லும்போது அது கவலையா, சந்தோசமா என்று நான் யோசித்ததேயில்லை.

நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அவளை என்னிடம் விட்டீர்கள். புட்டும் மாம்பழமும் தானே பிசைந்து தின்றாள். இன்னும் வேணும் என்றாள். பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிக்குப் பின்னால் பின்னேரம் முழுக்க ஓடினாள். நீங்கள் வந்ததும், சந்தோசப்படுவீர்கள் என்று ஓடிவந்து சொன்னேன். உங்கள் முகம் கறுத்துப் போனது.

"உனக்காகச் சாப்பிட்டிருப்பாள். அவளுக்கு நான்தான் வேணும்."

"ஐயோ அண்ணை, எரிச்சலோ?" என்று நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

உங்கள் வருத்தத்தை மருந்தால் மாற்றலாம் என்றுதான் டொக்டர் சொன்னார். உங்களுக்குச் சாவு மட்டும்தான் கேட்டது. "நான் போனா இதுகளை ஆர் பாப்பினம்?" என்றீர்கள். நான் தேத்தண்ணியோடு முன்னுக்கு நிற்கிறேன். "நான் இருக்கிறன்தானே அண்ணை, நான் என்ன செத்தா போனன்?" என்றேன். நீங்கள் என்னைத் தாண்டி வேலியைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வை இன்றைக்கும் எனக்குச் சுடுகிறது. நான் இருப்பது உங்களுக்குத் தெரியவில்லை. நீங்கள் இல்லாமலும் தர்சி வளர்வாள், சண்டை பிடிப்பாள், சிரிப்பாள் என்பதும் தெரியவில்லை. அவளை உங்களுடைய ஒரு கையைப் போல நினைத்துவிட்டீர்கள். அது மனதுக்கு வந்த நோய் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். உங்களை யாரிடமாவது கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை. நாங்கள் கண்டதெல்லாம் ஒரு நல்ல தகப்பனை.

மத்தியானம் அகிலன் குசினிக்குள் வந்து அந்த இலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாமி, ஒண்டு கேக்கட்டோ?"

"கேள் அப்பன்."

"அப்பாவுக்கு என்னில அன்பு குறைவோ? தங்கச்சியைத்தானே கொண்டு போனவர். என்னை விட்டிட்டார்."

ஊர் சொன்னதை எல்லாம் பிள்ளை ஒரு வருடமாக மனதுக்குள் போட்டுப் பிசைந்திருக்கிறான்.

"விசரா! அது அன்பில்லையடா!" என்று கத்திவிட்டேன்.

"அப்ப அது என்ன மாமி?"

"எனக்குத் தெரியாதடா. ஆனா, அன்பெண்டு ஆரும் சொன்னா நம்பாதை. உன்னில ஒரு குறையும் இல்லை."

"தங்கச்சிக்கெண்டா விரதம் இருக்கிறன் மாமி. அப்பாவுக்கு இப்ப ஏலாது" என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு வைத்த இலையில் தர்சிக்குச் சோறு போட்டான். நான் தடுக்கவில்லை.

அவனுக்கு நான் சொல்லாதது ஒன்று இருக்கிறது. செத்தவீட்டன்று அவனுடைய ரியூசன் வாத்தியார் என்னைத் தனியே கூப்பிட்டார். "உங்கடை அண்ணை நேற்று, அது நடக்க முந்தி, பெடியனைக் கூட்டிக்கொண்டு போக வந்தவர். சோதனை நடக்குது, முடிய வாங்கோ எண்டு நான்தான் திருப்பி அனுப்பினனான்" என்றார்.

நீங்கள் அவனை விட்டுவிட்டுப் போகவில்லை அண்ணை. அவனையும் தேடித்தான் போனீர்கள். இதைச் சொன்னால், தன்னில் அன்பு குறைவென்ற அவனுடைய கவலை ஒரு நிமிசத்தில் போய்விடும். அதற்குப் பதிலாக என்ன வந்து அவனுக்குள் இருக்கும் என்று நினைக்க எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறேன். உங்களுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றே அவன் நினைக்கட்டும். நினைத்து அழட்டும். அழுதுபோட்டு, நாளைக்கு எழும்பி ரியூசனுக்குப் போகட்டும்.