தாமல் நிறுத்தத்துப் பேனர்

தாமல்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சிம்ரனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன் செய்தால் எடுப்பதில்லை. அதனால்தான் உன் அறைத்தோழி தீபிகா கையில் இந்தக் கடிதத்தையும் முறுக்கையும் கொடுத்தனுப்புகிறேன். முறுக்கை நீ ஒருத்தியே தின்றுவிடாதே.

வேலைக்கு நீ கையெழுத்துப் போட்ட அன்றே உன் மாமா பழனி பஸ் நிறுத்தத்தில் பேனர் கட்டினான். அதில் அவன் படம் உன் படத்தைவிடப் பெரிதாக இருந்தது வேறு கதை. சேர வேண்டிய வாரத்தில் கம்பெனிக்காரர்கள் வேலை இல்லை என்றுவிட்டார்கள். போன வாரம் நீ வந்தபோது ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி ஏரிக்கரை மேல் நடந்து வந்தாயாமே? மாமா பார்த்துவிட்டான். "என்னாலதான்கா கொழந்தை ஒளிஞ்சிக்கினு வருது" என்று அழுதான். நானும் பேனரை அவிழ்த்துவிடச் சொன்னேன், அவிழ்த்துவிட்டான்.

இன்று காலை தீபிகா வந்தாள். "நீங்களாவே வேலை வேணாம்னு எழுதிக் குடுங்கன்னு சேர இருந்த எங்க எல்லாரையும் கம்பெனியில கேட்டாங்க ஆன்ட்டி. நாங்க எல்லாரும் எழுதிக் குடுத்துட்டோம். இவ மட்டும், கூப்ட்டது நீங்க, வேணாம்னு எழுத வேண்டியதும் நீங்கதான்னு சொல்லிக்கினு நின்னா. கடைசியில அவங்களே எழுதிக் குடுத்தாங்க" என்றாள். சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன்டி, வேலை போனதைச் சொல்லத் தெரிந்தது, இதைச் சொல்ல வாய் வரவில்லையா? கேட்டதும் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

கடையில் நாளெல்லாம் பட்டுப்புடவை பிரித்துக் காட்டுகிறவள் நான். அத்தனையும் பார்த்துவிட்டு எடுக்காமல் போவார்கள். முகம் சுளிக்காமல் மடித்து வைப்பேன். அது அவர்கள் இஷ்டம். ஆனால் பில் போட்டுக் கொடுத்த புடவையை வாசலில் வந்து பிடுங்கிக்கொண்டு, நீயே வேண்டாமென்று சொன்னதாக எழுதிக் கொடு என்று எங்கள் முதலாளி கேட்பாரா? கேட்டால் காந்தி ரோட்டில் கடை நடத்த முடியுமா?

பக்கத்து வீட்டு கங்கையம்மாள், "வேல போயிடுச்சாமே" என்று இழுத்தாள். "அவங்க பேச்சு மாறிட்டாங்க, எம் பொண்ணு மாறல" என்றேன்.

அடுத்த வேலை எப்போது கிடைக்குமோ என்ற கவலை எனக்கும் இருக்கிறது. இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். அதற்காக நீ ஏன் ஒளிய வேண்டும்?

மத்தியானம் அப்பா மாமாவை அழைத்துக்கொண்டு நிறுத்தத்துக்குப் போனார். கம்பெனி பெயர்மேல் மட்டும் வெள்ளை பெயிண்ட் அடித்து, பேனரை மறுபடியும் கட்டிவிட்டார்கள். உன் பெயரும் படிப்பும் அப்படியே இருக்கின்றன. உன் முகத்தில் படிந்திருந்த தூசியை அப்பா தன் துண்டால் துடைத்தாராம்.

வரும் ஞாயிறு நம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறோம். அவள் உன்னை ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்வாள். நீ கட்டாயம் வரவேண்டும். பகலிலேயே வா. ஏரிக்கரை வழி வேண்டாம் கண்ணு. நம் நிறுத்தத்திலேயே இறங்கு. அப்பாவும் நானும் பேனருக்குக் கீழேதான் நின்றுகொண்டிருப்போம்.

உன் அம்மா,
வீ. எல்லம்மாள்