அண்ணன் கொடுத்த மனை

புனே

அன்புள்ள அப்பாவுக்கு,

மனோஜ்குமார் வணங்கி எழுதுவது. நான் நலம். இந்தக் குளிரில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

பூண்டியில் பெரியப்பா மகன் ஆனந்த் அண்ணன் எனக்கு எழுதிக் கொடுத்த வீட்டு மனைக்கு வருமான வரி கட்ட வேண்டுமாம். பயப்படாதீர்கள், கட்டிவிடலாம். ஆனால் ஆடிட்டர் சொன்ன காரணம்தான் குமட்டுகிறது. பெரியப்பா மகன் சட்டப்படி எனக்கு உறவே இல்லையாம்! பெரியப்பாவே நேராகக் கொடுத்திருந்தால் வரி கிடையாதாம். நீங்கள்தானே, "அவரு கையால வாங்குனா ஊரு தானம்னு பேசும், அண்ணன் தம்பிக்குள்ளன்னா பங்குன்னு போயிரும்" என்று முதலில் அண்ணன் பெயருக்கு மாற்ற வைத்தீர்கள்.

அப்படியென்றால் யார்தான் உறவு என்று கேட்டேன். என் சகலை உறவாம். நம் வீட்டில் சோறு சரியில்லை என்று இலையைத் தள்ளிவிட்டுப் போன அந்த ஆள் கொடுத்தால் பைசா வரி இல்லையாம். தூ!

கொஞ்சம் மலைப்பூண்டு அனுப்புங்கள். இங்குள்ளதில் வாசமே இல்லை, ரசம் வைத்தால் வெந்நீர் குடிப்பது போலிருக்கிறது.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அண்ணனிடம் வரி வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், காரணத்தைச் சொல்லிவிடாதீர்கள். அம்மா இறந்தபோது நான் வந்துசேர முடியாமல் போக, என் இடத்தில் நின்று மொட்டை போட்டுக்கொண்டவர் அவர்.

உங்கள் மகன்,
மனோஜ்